வளவுக்குள் இனிப்புச் சோளம்: விதையிலிருந்து விதை வரை

இரவல் காணியிலோ, புதிதாகக் கிடைத்த துண்டு நிலத்திலோ குடியிருக்கும் குடும்பம் ஒரு தென்னம்பிள்ளையை வைக்க முன்னர் இரண்டு தரம் யோசிக்கும். அது காய்க்க ஐந்தாறு வருடம் வேண்டும். அதுவரை இந்த வளவில் இருப்போமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இத்தகைய குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை குறுகிய காலப் பயிர்கள். அவற்றுள் சோளமும் ஒன்று. விதை போட்டு எழுபது, எண்பது நாளில் பொத்தி கைக்கு வரும். பந்தல் தேவையில்லை. பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். மிஞ்சியதை அவித்து வீதியோரத்தில் விற்கலாம். தட்டை மாட்டுக்கு ஆகும்.

சோளம் எமக்குப் புதிய பயிரன்று. கிழக்கில் 'சோளன்' என்று சொல்லிச் சேனைகளில் பரம்பரையாகச் செய்து வருகிறார்கள். வன்னியிலும் மேட்டுநிலப் பயிராகச் செய்வதுண்டு. ஆனால் இனிப்புச் சோளத்தின் குணம் சற்று வேறானது. விதைப்பதிலும், பறிப்பதிலும், விதை எடுப்பதிலும் அதற்கெனச் சில முறைகள் உள்ளன. அவற்றை அறியாமல் வேலியோரத்தில் ஒரு வரிசை போட்டுவிட்டு, "பொத்தி வந்தது, மணி வரவில்லை" என்று கைவிட்டவர்கள் பலர்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோளம் கூட்டமாக நின்று காய்க்கும் பயிர். ஒற்றைச் செடி நிறைந்து காய்க்காது. ஒரு குடும்பம் தனித்து அதன் விதையைப் பல காலம் காப்பாற்றவும் முடியாது. இதற்கான காரணங்களைக் கீழே பார்ப்போம்.

எந்த விதையை வாங்குவது?

கடைகளில் மூன்று விதமான சோள விதைகள் கிடைக்கலாம்.

1. சாதாரண சோளம். இதன் விதை உருண்டு திரண்டு, வழுவழுப்பாக, கடினமாக இருக்கும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட பத்ரா, ருவான் என்பன இத்தகையவை. இவற்றை இளம் பொத்தியாக அவித்தும் உண்ணலாம்; முற்றவிட்டு உலர்த்தி மாவாக்கியும் உண்ணலாம். இவற்றிலிருந்து நாமே விதை எடுத்து மறுபோகம் விதைக்கலாம்.

2. இனிப்புச் சோளத்தின் பொது வகை. காற்று வழியாகத் தன் இனத்துக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து விளைந்த விதை இது. இதிலிருந்தும் நாம் விதை எடுக்கலாம்.

3. இனிப்புச் சோளத்தின் கலப்பின விதை. இன்று கடைகளில் பைக்கற்றில் வருவது பெரும்பாலும் இதுதான். விளைச்சல் ஒரே சீராகவும் மிக இனிப்பாகவும் இருக்கும். ஆனால் அதிலிருந்து எடுத்த விதையை அடுத்த முறை போட்டால் ஒரு செடி உயரம், ஒரு செடி குட்டை, ஒரு பொத்தி இனிப்பு, ஒரு பொத்தி சப்பு என்று குழம்பிப் போகும். ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துப் புதிய விதையே வாங்கவேண்டும்.

ஒரு போகம் மட்டும் செய்து விற்க நினைப்பவர்கள் கலப்பின விதையை வாங்குவதில் தவறில்லை. விதை தம் கையிலேயே இருக்கவேண்டும் என்று விரும்புபவர்கள் முதல் இரண்டு வகைகளில் ஒன்றைத் தேடிப் பெறுவது நல்லது. வாங்குமுன் பைக்கற்றில் எழுதியிருப்பதை வாசியுங்கள். விளங்காவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.

இனிப்புச் சோள விதை சுருங்கி, நொந்து போனது போல இருக்கும். அது பழுதான விதை என்று எறிந்துவிட வேண்டாம். சாதாரண சோளத்தில் மணி முற்றும்போது சீனி மாப்பொருளாக மாறி உள்ளே நிறைகிறது. இனிப்புச் சோளத்தில் அந்த மாற்றம் குறைவு. சீனி நீரோடு தங்கிவிடுவதால், உலரும்போது மணி சுருங்குகிறது. இதில் ஒரு குறையும் உண்டு. முளைக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு இவ்விதையில் குறைவு. எனவே இது மெதுவாக, பலவீனமாக முளைக்கும். ஈரம் கூடினால் மண்ணுக்குள்ளேயே அழுகும். நீண்ட காலம் வைத்திருந்தால் முளைதிறன் இழக்கும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட விதையைச் சோதித்துப் பார்க்காமல் விதைக்கக் கூடாது.

சோதிப்பது சுலபம். ஈரச் சாக்குத் துண்டில் இருபது விதைகளைப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஐந்தாம் ஆறாம் நாள் பிரித்துப் பாருங்கள். பதினாறுக்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. பத்து முளைத்தால் இரட்டிப்பாக விதைக்கவேண்டும். அதற்கும் குறைந்தால் நிலத்தையும் தண்ணீரையும் வீணாக்க வேண்டாம்.

கவனிக்க: பைக்கற்றில் வரும் விதை சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை போன்ற நிறத்தில் இருந்தால் அது மருந்து பூசிய விதை. அதைத் தின்னக் கூடாது. கோழிக்கும் போடக் கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விதைத்த பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

எப்போது விதைப்பது?

சாதாரண சோளத்தைப் புரட்டாசி, ஐப்பசியில் முதல் மழையோடு விதைப்பது வழக்கம். இனிப்புச் சோளத்துக்கு அக்காலம் அவ்வளவு பொருத்தமன்று. ஐப்பசியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழி அடைமழையில் பூக்கும். மழை மகரந்தத்தைக் கழுவிவிடும், பொத்தி நிறையாது. தாழ்ந்த வளவுகளில் வேரும் அழுகும்.

கிணற்று நீர் உள்ளவர்களுக்கு மார்கழிக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை விதைப்பது நல்லது. மண்ணில் மாரி ஈரம் இருக்கும். கிணற்றிலும் நீர் இருக்கும். பூக்கும் காலத்தில் மழை குறைந்திருக்கும். பங்குனியில் பொத்தி பறிக்கலாம். விதைக்கு விடும் பொத்திகள் சித்திரை வெய்யிலில் நன்றாக உலரும்.

வைகாசிக்குப் பின் சோளகக் காற்று பலமாக வீசும் திறந்த வெளிகளில் உயர்ந்த சோளச் செடி சாய்ந்துவிடும். அங்கெல்லாம் வேலி மறைப்பு இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

நிலமும் எருவும்

ஒரு குடும்பத்துக்கு 10 அடிக்கு 10 அடி நிலம் தொடக்கத்துக்குப் போதும். நாள் முழுவதும் வெய்யில் விழும் இடமாக இருக்கவேண்டும். மாமர நிழலிலும் வேப்பமர நிழலிலும் சோளம் நூலாக வளர்ந்து நின்றுவிடும்.

மீளத் திரும்பிய ஊர்களில் புதிதாக நிலம் திருத்துவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். கண்ணிவெடி அகற்றிச் சான்று கொடுக்கப்படாத நிலத்தில், பற்றை வெட்டவோ மண்வெட்டி போடவோ வேண்டாம். ஐயம் இருந்தால் கிராம அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மண்ணை ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை உடைத்து விடுங்கள். உலர்ந்த மாட்டெரு அல்லது கூட்டெரு ஓர் உரப்பை நிறைய இந்த அளவு நிலத்துக்கு வேண்டும். ஆட்டெரு, கோழி எரு என்றால் அதிற் பாதி போதும். ஆனால் அவை நன்றாக மக்கியிருக்கவேண்டும். பச்சைக் கோழி எரு முளையைக் கருக்கிவிடும். சீமைக்கிளுவை, பூவரசு, ஆவரசு போன்ற குழைகளை விதைக்க இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே தாழ்த்து மூடுவதும் நல்ல பசளையாகும்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது பசளைக் கடையை மட்டும் நம்பியிருந்த தோட்டங்கள் எப்படி வாடின என்பதைக் கண்டோம். எருக்குழி ஒன்று வெட்டி வைத்திருப்பது இரவல் வளவிலும் செய்யக்கூடிய வேலை. குசினிக் கழிவு, சருகு, சாம்பல், சாணம் எல்லாம் அதற்குள் போகட்டும்.

மணல் நிலத்தில் எரு கூடுதலாக வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் சாதாரண பாத்தி போதும். களிமண்ணிலும் தாழ்ந்த நிலத்திலும் அரை அடி உயர்த்தி மேட்டுப் பாத்தி அமையுங்கள்.

கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் சோளம் நன்றாக வராது. இலை நுனி கருகுவது அதன் அறிகுறி. கரையோரத்தில் இருப்பவர்கள் முதலில் பத்துச் செடியில் பரீட்சித்துப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் செய்வது புத்தி.

விதைக்கும் முறை

வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி. இப்படி நட்டால் 10 அடிச் சதுரத்தில் ஐந்து வரிசையாக ஐம்பது செடி நிற்கும். குழிக்கு இரண்டு விதையாக நூறு விதை வேண்டும்.

முதல்நாள் மாலை பாத்திக்குத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் ஓர் அங்குல ஆழத்தில் விதையை இட்டு மெதுவாக மூடுங்கள். சாதாரண சோளத்தை இரண்டு அங்குலம் வரை தாழ்க்கலாம். இனிப்புச் சோளத்துக்கு அந்தச் சக்தி இல்லை. முளை வரும்வரை மண் ஈரமாக இருக்கவேண்டும். சேறாக இருக்கக் கூடாது. நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் முளை தெரியும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் குழிக்கு நல்லதொன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் அருகிலுள்ள செடியின் வேர் ஆடும்.

மயில், காகம், அணில் தொல்லை உள்ள இடங்களில் முளையே மிஞ்சாது. அங்கே சிறு பொலித்தீன் பைகளிலோ, வாழைச் சருகில் சுற்றிய குவளைகளிலோ விதைத்து, இரண்டு மூன்று இலை வந்ததும் மண் உதிராமல் நடலாம். அதற்கு மேல் தாமதித்தால் சோளம் இடமாற்றத்தைத் தாங்காது. நேரே விதைப்பவர்கள் முளை உயரும்வரை பாத்தியின் மேல் முட்கிளைகளைப் பரப்பி வைக்கலாம்.

ஏன் சதுரமாக நடவேண்டும்?

சோளச் செடியில் ஆண்பூ ஓரிடம், பெண்பூ ஓரிடம். உச்சியில் விரிந்து நிற்கும் தலைப்பூ ஆண்பூ. தண்டின் இடையில் மடலுக்குள் இருக்கும் இளம் பொத்தி பெண்பூ. பொத்தியின் நுனியில் பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கும் மெல்லிய இழைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழை ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒரு மணிக்கு உரியது. மகரந்தத் தூள் அந்த இழையில் விழுந்தால் அந்த மணி பிடிக்கும். விழாவிட்டால் அந்த இடம் வெற்றிடம். நானூறு மணி உள்ள பொத்தி என்றால் நானூறு இழைகளும் தூளைப் பெற்றிருக்கின்றன என்பதே பொருள்.

இந்தத் தூளைக் கொண்டு சேர்ப்பது காற்று. தேனீ இதற்குத் தேவையில்லை. தூளின் பெரும்பகுதி தாய்ச்செடிக்கு அருகிலேயே விழும். வேலியோரமாக ஒற்றை வரிசையில் நட்டால், குறுக்கே அடிக்கும் காற்று தூளையெல்லாம் பக்கத்து வளவுக்குக் கொண்டுபோய்விடும். சதுரமாக நட்டால் காற்று எந்தத் திசையில் வந்தாலும் ஒரு செடியின் தூள் மறுசெடியின் இழையில் விழும். எனவே இருபது செடிதான் உண்டென்றாலும் ஒரு வரிசையில் இருபதாக நடாமல், நாலு வரிசையில் ஐந்தைந்தாக நடுங்கள். நாலு வரிசைக்குக் குறைய வேண்டாம்.

செடி குறைவாக உள்ளவர்கள் கையாலும் உதவலாம். தலைப்பூ விரிந்து தூள் உதிரத் தொடங்கியதும், பனி காய்ந்த பின் காலை ஒன்பது, பத்து மணியளவில் ஒரு கடதாசிப் பையைப் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். மஞ்சள் தூள் விழும். அதை உடனே வேறு செடிகளின் இழைகளில் தூவுங்கள். மூன்று நாலு நாள் தொடர்ந்து செய்தால் பொத்தி நிறையும். இது பிள்ளைகள் விருப்பத்தோடு செய்யும் வேலை.

பக்கத்து வளவில் சாதாரண சோளம் ஒரே காலத்தில் பூத்தால் அதன் தூள் எமது இழையில் விழும். அப்படி விழுந்த மணிகள் அந்தப் போகத்திலேயே இனிப்பு இழந்து மாவாகிவிடும். இனிப்புச் சோளத்திலும் வெவ்வேறு இனங்களை அருகருகே நட்டால் இவ்வாறு நேரலாம். அயலவரோடு பேசி எல்லோரும் ஒரே இனத்தை நடுவது நல்லது. அது முடியாவிட்டால் மூன்று கிழமை முன்பின்னாக விதையுங்கள்.

நீர், மேற்பசளை, மண் அணைத்தல்

மணல் நிலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், செம்மண்ணில் நாலைந்து நாளுக்கு ஒருமுறையும் நீர் விடவேண்டும். தண்ணீர் தட்டுப்பாடான இடங்களில் செடியைச் சுற்றி வைக்கோல், சருகு, பனையோலை பரப்பினால் ஈரம் நிற்கும். தலைப்பூ வருவதிலிருந்து இழை காயும்வரை உள்ள இரண்டு மூன்று கிழமைகள் மிக முக்கியம். அப்போது செடி வாடினால் இழை நேரத்துக்கு வெளிவராது. பின்னர் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போன மணி திரும்பாது.

சோளம் பெருந்தீனிக்காரப் பயிர். செடி முழங்கால் உயரம் வந்ததும் செடிக்கு அரைத் தேக்கரண்டி யூரியாவும், தலைப்பூ வரச் சற்று முன்னர் இன்னோர் அரைத் தேக்கரண்டியும் இடலாம். தண்டிலிருந்து நாலு அங்குலம் தள்ளி இட்டு, மண்ணால் மூடி, உடனே நீர் விடுங்கள். யூரியா வாங்க வசதியில்லாதவர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சாணக் கரைசலை ஊற்றலாம். இலை வெளிறி, அடியிலை நடுநரம்பு வழியே மஞ்சளாகினால் தழைச்சத்துப் போதவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

முழங்கால் உயரத்தில் களை பிடுங்கி, செடியின் அடியில் அரை அடி உயரத்துக்கு மண் அணையுங்கள். தண்டின் கீழ்க் கணுக்களிலிருந்து தடித்த வேர்கள் இறங்கி மண்ணைப் பிடிக்கும். அதன்பின் காற்றுக்குச் செடி இலகுவில் சாயாது.

செடி ஓர் அடி வந்தபின் இடையிடையே பயற்றை விதையை ஊன்றலாம். தட்டையே அதற்குப் பந்தல். ஓரத்தில் பூசணி படரவிடலாம். சோளம் தோன்றிய அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள் சோளம், அவரையினம், பூசணி மூன்றையும் ஒன்றாக நட்டு வந்தவர்கள்.

சேனாப் படைப்புழு

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்து, அம்பாறை முதலிய மாவட்டங்களில் சோளத்தைப் பெரிதும் அழித்த புழு இது. அதன்பின் எந்தச் சோளச் செய்கையிலும் இதை எதிர்பார்த்தே இருக்கவேண்டும். சிறு தோட்டக்காரருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ஐம்பது செடியை ஒவ்வொன்றாகப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

தாய்ப்பூச்சி இரவில் வந்து இலையில் நூறு, இருநூறு முட்டைகளைக் கூட்டமாக இட்டு, மேலே பஞ்சு போல மூடிவிடும். வெளிவரும் சிறு புழு இலையின் பச்சையைச் சுரண்டும். இலையில் கண்ணாடி போன்ற வெள்ளைத் திட்டுகள் தெரியும். வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற எச்சத்தை நிறைத்துவிடும். அதன் தலையில் தலைகீழான 'வை' எழுத்தைப் போன்ற வெள்ளைக் கோடும், வாற்பக்கத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருக்கும்.

செய்யவேண்டியவை:

முளைத்த நாளிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் எல்லாச் செடியையும் பாருங்கள். முட்டைக் கூட்டத்தைக் கண்டால் நசுக்குங்கள். புழுவைப் பொறுக்கிச் சவர்க்கார நீரில் போடுங்கள்.

குருத்துக்குள் ஒரு சிட்டிகை மணலும் சாம்பலும் கலந்து போடுங்கள். புழு அதற்குள் தங்காது.

உலர்ந்த வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் குருத்துக்குள் விழும்படி தெளியுங்கள். கிழமைக்கு ஒருமுறை செய்யலாம். புழு சிறிதாக இருக்கும்போதுதான் இது பலன் தரும்.

இரசாயன மருந்து தவிர்க்கமுடியாதென்று கண்டால் விவசாயப் போதனாசிரியரின் சொற்படி மட்டும் பாவியுங்கள். பறித்தவுடன் உண்ணும் பொருள் இது என்பதை மறக்க வேண்டாம்.

கிளியும் அணிலும் பொத்தியைக் குதறினால், இழை காய்ந்த பின் அச்செடியின் இலையையே பொத்தியில் சுற்றிக் கட்டிவிடலாம்.

பறிக்கும் நேரம்

இழை வெளிவந்து ஏறத்தாழ மூன்று கிழமையில் பொத்தி உண்ணும் பருவத்துக்கு வரும். இழை மண்ணிறமாகிக் காய்ந்திருக்கும். மடல் பச்சையாகவே இருக்கும். பொத்தியைக் கையால் பற்றினால் நுனிவரை நிறைந்து தெரியும். மடலைச் சற்று விலக்கி ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள். தண்ணீராக வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். பாலாக வந்தால் அதுவே பருவம். பசையாக இருந்தால் பிந்திவிட்டது.

காலையில் பறியுங்கள். பறித்த பின்னும் மணிக்குள் சீனி மாப்பொருளாக மாறிக்கொண்டே இருக்கும். பழைய இன இனிப்புச் சோளம் எமது வெயிற் சூட்டில் ஒரு நாளிலேயே ஏறத்தாழப் பாதிச் சீனியை இழந்துவிடும். எனவே அன்று அவிப்பதை அன்று பறியுங்கள். சந்தைக்குக் கொண்டுபோவோர் மடலோடு, ஈரச்சாக்கு மூடி, நிழலில் கொண்டுபோகவேண்டும். எல்லாம் ஒரே நாளில் முற்றாமலிருக்க, இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு மூன்று சிறு சதுரங்களாக விதைக்கலாம்.

சோளம் வயிற்றை நிரப்பும். ஆனால் அதன் புரதம் முழுமையானதன்று. பயறு, கௌபி, மீன், முட்டை, கீரை ஆகியவற்றில் ஒன்றோடு சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நல்ல ஆகாரம். தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷாவில் சோளத்தோடு சோயா சேர்ந்திருப்பதும் இதற்காகவே. பூஞ்சணம் பிடித்த சோளத்தை நீங்களும் உண்ண வேண்டாம். கோழிக்கும் போட வேண்டாம். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகலாம்.

விதை எடுத்தல்: அயல் சேர்ந்து செய்யும் வேலை

வடக்கிலும் கிழக்கிலும் 1990, 1995, 2009 என்று பல முறை மக்கள் ஊர் விட்டுப் பெயர்ந்தனர். 2004 கடற்கோளும் கரையோரத்தைப் பெயர்த்தது. அவசரத்தில் புறப்பட்ட குடும்பங்கள் பிள்ளைகளையும் பத்திரங்களையும் எடுத்தன. அடுப்புக்கு மேலே புகை படத் தொங்கிய விதைக் கதிர்களை எடுக்க நேரமிருக்கவில்லை. காணியையும் கிணற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒரு போத்தல் விதையைக் கையோடு கொண்டுபோகலாம். போகும் இடத்தில் மூன்று மாதத்தில் அது உணவாகும். ஆகவே விதை எடுக்கும் முறையை எல்லோரும் அறிந்திருக்கவேண்டும்.

நெல், தக்காளி, பயற்றை என்பவற்றில் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்கிறது. ஒரு நல்ல செடியின் விதையே போதும். சோளம் அப்படியன்று. நாலைந்து செடியிலிருந்து மட்டும் விதை எடுத்து அதையே திரும்பத் திரும்ப விதைத்தால், நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து கலந்து இனம் நலிந்துவிடும். சில போகத்தில் செடி குட்டையாகி, பொத்தி சிறுத்து, மணி குறைந்துவிடும். சோள விதை நலமாக இருக்க நூறு செடிகளுக்காவது அதில் பங்கு இருக்கவேண்டும்.

ஐம்பது செடி வைத்த குடும்பம் தனியே இதைச் செய்ய முடியாது. ஐந்து குடும்பம் சேர்ந்தால் இருநூற்றைம்பது செடி. ஒவ்வொரு வீட்டாரும் தம் நல்ல செடிகளிலிருந்து இருபது பொத்தியை விதைக்கு விடட்டும். நூறு பொத்தியின் மணிகளையும் ஒன்றாகக் கலந்து ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு வீட்டுப் போத்தலிலும் ஐந்து வளவின் விதை இருக்கும். ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும், வண்டு அரித்தாலும், ஒரு குடும்பம் வேறு இடம் போனாலும் விதை அழியாது. இதற்கு எல்லோரும் ஒரே பொது வகையை நட்டிருக்கவேண்டும்; கலப்பின விதை இம்முறைக்கு உதவாது. இருநூற்றைம்பது மீற்றருக்குள் வேறு சோளம் ஒரே காலத்தில் பூக்காமலும் பார்க்கவேண்டும்.

நல்ல பொத்தியைத் தின்றுவிட்டு மிஞ்சியதை விதைக்கு விடுவது எம்மிடம் உள்ள பழக்கம். அதை மாற்றவேண்டும். செடி நிற்கும்போதே நோயில்லாத, சாயாத, பொத்தி நிறைந்த செடிகளுக்குச் சீலைத்துண்டு கட்டி அடையாளமிடுங்கள். சதுரத்தின் ஓரத்தை விட்டு உட்புறச் செடிகளைத் தெரியுங்கள். வெளித்தூள் அங்கே குறைவாக விழும்.

உண்ணும் பருவத்துக்குப் பின் இன்னும் ஒரு மாதமளவு பொத்தியைச் செடியிலேயே முற்றவிடுங்கள். மடல் காய்ந்து வெளிறியதும் பறித்து, மடலை உரித்துப் பின்னி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். இரண்டு கிழமைக்குப் பின் நுனி மணியையும் அடி மணியையும் ஒதுக்கி, நடுமணிகளை உதிர்த்து, காலை வெய்யிலில் சில நாள் உலர்த்துங்கள். பல்லால் கடித்தால் நசியாமல் 'டிக்' என்று உடையவேண்டும்.

உலர்ந்த விதையைச் சலித்த சாம்பலோடு கலந்து, உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்புங்கள். அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போட்டால் மிஞ்சிய ஈரத்தை அது இழுக்கும். இறுக மூடி, மூடியைச் சுற்றி மெழுகு விடுங்கள். இனத்தின் பெயரையும் எடுத்த மாதம், ஆண்டையும் எழுதி ஒட்டி, குளிர்ந்த இருண்ட இடத்தில் வையுங்கள். ஒரு வருடத்துக்குள் விதைத்துப் புதுப்பிக்கவேண்டும்.

நாட்கணக்கு

விதைக்க 3 கிழமைக்கு முன்: நிலம் கொத்துதல், எரு, குழை தாழ்த்தல்.
1ஆம் நாள்: விதைத்தல்.
4–7ஆம் நாள்: முளைத்தல், புழுவைப் பார்க்கத் தொடங்குதல்.
14ஆம் நாளளவில்: குழிக்கு ஒரு செடியாகக் குறைத்தல்.
28–30ஆம் நாள்: களை எடுத்தல், முதல் மேற்பசளை, மண் அணைத்தல்.
45ஆம் நாளளவில்: இரண்டாம் மேற்பசளை. நீர் குறையாமல் பார்த்தல்.
50–55ஆம் நாள்: தலைப்பூவும் இழையும். தேவையானால் கையால் தூள் தூவுதல்.
70–80ஆம் நாள்: உண்ணப் பறித்தல்.
105–115ஆம் நாள்: விதைப் பொத்தி பறித்தல்.

பறித்து முடிந்ததும் பச்சைத் தட்டையை மாட்டுக்குக் கொடுங்கள். மிஞ்சியதை நறுக்கி எருக்குழியில் போடுங்கள். அந்த நிலத்தில் அடுத்து கௌபி, பயறு, கச்சான் போன்ற ஒன்றைப் போட்டால் மண் தேறும். சோளத்தை அதே இடத்தில் உடனே போட வேண்டாம்.

இந்தப் போகத்தில் விதை வாங்கப் போகுமுன் அயலில் நாலு வீட்டாரோடு ஒரு மாலை இருந்து பேசுங்கள். எந்த இனம், எந்தக் கிழமையில் விதைப்பது, யார் வீட்டில் விதையைக் கலப்பது என்று முடிவெடுங்கள். மண்வெட்டி பிடிக்குமுன் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான்.